தடை கேட்பவர் முதலில் வரலாறு படிக்கட்டும்

மாற்று வரலாற்றைக் களமாகக் கொண்ட துப்பாக்கி வீடியோ கேம்களை நம் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வேற்றுக்கிரகத்தார் படையெடுப்பைக் கதையாகக் கொண்ட ‘ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்’ என்ற விளையாட்டைச் சான்றாக வைத்துக்கொண்டு, சேலம், நாமக்கல் வட்டாரப் பெற்றோரை விளித்து எச்சரிக்கிறார் கட்டுரையாளர். அவர் சாட்டும் குற்றங்கள் மூன்று. இவ்வகை விளையாட்டு நடக்காததைக் காட்டி நடந்த வரலாற்றைப் பிள்ளைகளின் மனத்திலிருந்து அழிக்கிறது. ரத்தத்தைக் காட்டி அவர்களைக் கொலைக்குப் பழக்குகிறது. இந்தக் கற்பனைக்கு நம் மண்ணில் வேரே இல்லை.

மூன்றும் தவறு. முதலாவது, வரலாற்றைப் பற்றிய தவறான புரிதல். இரண்டாவது, ஆய்வுகள் எதையும் புரட்டிப் பாராமல் சொன்ன தீர்ப்பு. மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது. சேலத்தைப் பற்றி எழுத வந்தவர் சேலத்தையே அறியாமல் எழுதியிருக்கிறார்.

அந்த விளையாட்டில் என்ன இருக்கிறது என்பதைக்கூடக் கட்டுரை சரியாகச் சொல்லவில்லை. மனிதர்களைச் சுட்டுக் குவிப்பதே அதன் நோக்கம் என்கிறார். விளையாடிப் பார்த்தவர் எவரும் இப்படி எழுத மாட்டார். இன்சோம்னியாக் கேம்ஸ் உருவாக்கி, சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 கருவியோடு 2006 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு அது. இரண்டாம் உலகப்போர் நடக்கவே நடக்காத ஓர் உலகம் அதன் களம். ரஷ்யா தன் எல்லைகளை அடைத்துக்கொள்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியுலகம் அறியுமுன் கைமேரா என்னும் வேற்றினம் அங்கிருந்து பெருகி ஐரோப்பா முழுவதையும் விழுங்குகிறது. பின்பு பிரிட்டனும் வீழ்கிறது. 1951 ஜூலையில் யார்க் நகரில் வந்திறங்கும் அமெரிக்கப் படைவீரன் நேதன் ஹேலாக நாம் விளையாடுகிறோம். கைமேரா மனிதர்களைக் கொல்வதோடு நிற்பதில்லை, பிடித்து உருமாற்றித் தன் படையிலேயே சேர்த்துக்கொள்கிறது. அந்த உருமாற்றத்துக்கென்று கட்டிய கூடங்களை உடைத்து, பிடிபட்ட நிலத்தை மீட்பதே ஆட்டம். துப்பாக்கி யார் கையில், எதற்காக என்ற கேள்விக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இனி முதல் குற்றச்சாட்டு. ‘அப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்பது வரலாற்றை அழிப்பதாகக் கட்டுரையாளர் நினைக்கிறார். எப்படி நடந்தது என்று தெரியாதவனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஒரு நிகழ்வை உருவி எடுத்தால் அதைத் தொடர்ந்து எவையெல்லாம் சரிகின்றன என்று எண்ணிப் பார்ப்பவன்தான் அந்த நிகழ்வின் கனத்தை உணர்கிறான்.

நம் ஊரை வைத்தே பார்ப்போம். அந்த விளையாட்டின் உலகத்தில் 1939 செப்டம்பரில் போர் மூளவில்லை. நம் உலகத்தில் மூண்டது. இந்தியத் தலைவர்களைக் கேட்காமலே வைஸ்ராய் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து மாகாணங்களின் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி அந்த அக்டோபரில் விலகினார். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, சேலம் நகராட்சித் தலைவராக இருந்து, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவியவர் அவர். 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தினார். இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்தவை. அதே ராஜாஜிதான் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அவர் அமைச்சரவை போன பிறகே, 1940 பிப்ரவரியில், அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

போர் மூளாதிருந்தால்? ராஜாஜி பதவியில் நீடித்திருப்பார். இந்தி ஆணை என்ன ஆகியிருக்கும்? மதுவிலக்கு மாகாணம் முழுவதும் எப்போது பரவியிருக்கும்? 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதே, அது அதே ஆண்டில், அதே வேகத்தோடு நடந்திருக்குமா? போரில் களைத்துப் போகாத பிரிட்டன் 1947இல் நம்மை விட்டுப் போயிருக்குமா? 1943இல் வங்கத்தில் பட்டினியால் லட்சக்கணக்கானோர் செத்திருப்பார்களா? விளையாட்டின் கதை இங்கிலாந்தை விட்டு நகர்வதில்லை, ஆகவே இந்தியா பற்றிய இக்கேள்விகள் அதில் எழுவதில்லை. அது அதன் குறை. ஆனால் அந்த உலகத்துக்குள் புகுந்து வரும் சேலத்துப் பையன் ஒருவன் இவற்றைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. கேட்க வைப்பது வரலாற்று ஆசிரியரின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் கேள்வியின் வாயை அடைக்கச் சொல்கிறது கட்டுரை.

இன்னும் பின்னால் போகலாம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து வரி விதித்தார்கள். அதிலிருந்துதான் ரயத்துவாரி முறை வளர்ந்தது. 1800இல் கொங்குப் பாளையக்காரர்கள் கோவைக் கோட்டையைப் பிடிக்கப் போட்ட திட்டம் முறிந்தது. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அவருக்கு மாலை போடுகிறோம். கோவைத் திட்டம் பலித்திருந்தால் கொங்கு நாடு என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் பள்ளியிலாவது ஒரு பாடவேளை பேசியிருக்கிறோமா? பிள்ளைகளுக்கு வரலாறு மறந்துபோனதற்குக் காரணம் தேடுபவர்கள் விளையாட்டுக் கருவியைத் தேடிப் போக வேண்டாம். வரலாற்றைத் தேதி மனப்பாடமாகச் சுருக்கிய வகுப்பறையைப் பார்க்கட்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, ரத்தம். வன்முறைக் காட்சி நம் பண்பாட்டுக்கு அந்நியமானது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் படித்தபோது, இவர் நாமக்கல் மலையடிவாரத்துக்கு ஒருநாளாவது போயிருப்பாரா என்ற ஐயம் எழுந்தது. அங்கே 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்த குடைவரையில், நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் சிற்பம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்றோர் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அதைக் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் யாரும் வயிற்றைக் கிழிப்பவர்களாக வளரவில்லை. சேலத்து மேற்குக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் துரியோதனன் தொடை பிளக்கிறது, துச்சாதனன் ரத்தத்தில் திரௌபதி கூந்தல் முடிகிறாள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் குழந்தைகள். கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் கொம்பன் என்னும் காட்டுப்பன்றியைக் கொல்கிறார்கள், போரிடுகிறார்கள், படுகளத்தில் வீழ்கிறார்கள். உடுக்கை அடித்து இரவெல்லாம் பாடும் அந்தக் கதையைக் கேட்டு அழுது வளர்ந்தவர்கள்தான் நம் பாட்டிமார். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் இக்கதையை ஊரிலிருந்து கேட்டுப் பதிவுசெய்து, பின்னாளில் அசைபடத் தொடராகவே எடுத்தார்.

ரத்தம் எதைச் சொல்ல வருகிறது, யார் பக்கம் நின்று காட்டப்படுகிறது, பார்ப்பவரின் வயது என்ன என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். மூன்றையும் விட்டுவிட்டு, ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர் முதலில் நாமக்கல் குடைவரைக்குத்தான் பூட்டுப் போட வேண்டியிருக்கும்.

வீடியோ கேம் விளையாடுபவர்கள் கொலைகாரர்களாவது நிரூபிக்கப்பட்ட உண்மை என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. எந்த ஆய்வு என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. கலிஃபோர்னியா மாநிலம் வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் போட்டது. 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, அந்த ஆய்வுகள் கேம்தான் காரணம் என்பதை நிறுவவில்லை என்று தீர்ப்பில் எழுதியது. 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14, 15 வயதுள்ள சுமார் 1,000 பிரிட்டன் பிள்ளைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் கேட்டறிந்து, வன்முறை கேம்களுக்கும் பிள்ளைகளின் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சிறு ஆவேசங்களோடு சிறிய அளவில் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. அதே அறிக்கையில், வன்முறைக் குற்றங்களுக்கு கேம்களைக் காரணமாக்க அறிவியல் இடம் கொடுக்கவில்லை என்றும் எச்சரித்தது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் வீட்டுக்கு வீடு விளையாடுகிறார்கள், துப்பாக்கிக் கொலைகளோ மிக அரிது. கட்டுரையாளரின் கணக்கு சரியென்றால் அந்த நாடுகளின் தெருக்கள் ரத்தத்தில் மிதக்க வேண்டும்.

இதே பகுதியில் அவர் செய்திருக்கும் மற்றொரு குழப்பம் ஆபத்தானது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிய செய்திகளை அடுக்கி, அதே மூச்சில் ‘ரெசிஸ்டன்ஸ்’ போன்ற கேம்களையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். பணம் வைத்து ஆடும் சூதாட்டம் வேறு, கதை சொல்லும் கேம் வேறு. சட்டத்துக்கே இந்த வேறுபாடு தெரியும். தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைக் குறிவைத்தது. 2025இல் வந்த விதிமுறைகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பூட்டியது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பண ஆட்டங்களைத் தடை செய்தது, மின்விளையாட்டுப் போட்டிகளை வளர்க்க வழி செய்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டதையும் வன்முறைக்கான தண்டனையாக எழுதியிருக்கிறார். அரசு அன்று சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பயனாளர் தரவுப் பாதுகாப்பும். ரம்மியில் செத்தவர்களின் துயரத்தைத் தனக்குப் பிடிக்காத வேறொன்றைத் தாக்கும் கல்லாக எடுத்து எறிவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அவமரியாதை.

மான்செஸ்டர் தேவாலயச் சர்ச்சையைத் தன் வாதத்தின் உச்சமாக வைத்திருக்கிறார். விளையாட்டின் ஒரு கட்டத்தில் மான்செஸ்டர் பேராலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. 2007 ஜூனில் இங்கிலாந்துத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, பிரதமர் டோனி பிளேர் பதில் சொன்னார். சோனி மன்னிப்புக் கேட்டது. இதுவரை உண்மை. திருச்சபை எதற்காக எதிர்த்தது என்பதைத்தான் கட்டுரையாளர் மறைக்கிறார். தங்கள் ஆலயத்தின் உட்புறத்தை அனுமதி கேட்காமல் எடுத்தாண்டார்கள் என்பது அவர்கள் குறை. துப்பாக்கிக் குற்றங்களால் பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரத்தில், இறைவனைத் தொழும் இடத்தைச் சண்டைக்களமாக்கினார்கள் என்பது அவர்கள் வேதனை. இரண்டும் நியாயமானவை. அப்போது அந்தப் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ரோஜர்ஸ் கோவெண்டர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். வழிபாட்டிடத்தின் மாண்புக்காகப் பேசிய அவர்களின் குரலை, மாற்று வரலாற்றுக் கற்பனைக்கே எதிரான குரலாகத் திரிப்பது நேர்மையன்று.

அந்தப் பேராலயத்தின் உண்மையான வரலாற்றையும் சொல்கிறேன். 1940 டிசம்பரில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டில் அது பெருஞ்சேதம் அடைந்தது. பழுது பார்க்கவே பல ஆண்டுகள் பிடித்தன. விளையாட்டின் உலகத்தில் இரண்டாம் உலகப்போர் இல்லை, எனவே அந்தக் குண்டும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கட்டத்துக்குள் நுழைகிற பிள்ளைக்கு, போர் என்பது கட்டடங்களை என்ன செய்யும் என்பது பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக விளங்கும்.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். விண்ணிலிருந்து வரும் பகை, நம்பமுடியாத மிருகம், துப்பாக்கி ஏந்திய நாயகன் இவையெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, சேலத்துக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிறார். ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்துதானே இவர் வீட்டுக்குப் போகிறார்? திருச்செங்கோட்டைத் தன் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய நிறுவனம் அது. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ சேலத்தில் உருவானது. 1952இல் ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் பெர்க்கை வரவழைத்து, ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோரை நடிக்க வைத்து, ‘காடு’ என்ற படத்தை அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்தார் சுந்தரம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘தி ஜங்கிள்’. அழிந்துபோன மாமத யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடு திரிவது அதன் கதை. நம்மூர் யானைகளுக்கு ரோமத்தோல் போர்த்திப் படம்பிடித்தார்கள். நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்து, துப்பாக்கியோடு எதிர்கொள்ளும் கதையை 70 ஆண்டுகளுக்கு முன்பே உலகத் திரைக்கு அனுப்பிய ஊர் சேலம். 1960களின் பிற்பகுதியிலிருந்து அதே நிறுவனம் ஜெய்சங்கரை நாயகனாக்கி ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி.சங்கர்’ என்று துப்பாக்கிப் படங்களை வரிசையாக எடுத்தது. மாவட்டமே திரண்டு பார்த்தது.

வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து பாடகியைக் கடத்திப் போகும் ‘கலை அரசி’ 1963இல் வந்த தமிழ்ப்படம். எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகத்துக்கே போய் பானுமதியை மீட்டு வந்தார். அப்போது இளைஞர்களாக இருந்தவர்கள் இப்போது தாத்தாக்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கற்பனையை வெள்ளைக்காரன் வந்து ஊட்ட வேண்டிய நிலை ஒருநாளும் இருந்ததில்லை.

இந்தக் கதைவகை பிறந்த இடத்தையே எடுத்துக்கொண்டாலும் கட்டுரையாளர் தோற்கிறார். எச்.ஜி.வெல்ஸ் 1898இல் நூலாக்கிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலில் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தை அழிக்கிறார்கள். ஐரோப்பியர்கள் தாஸ்மேனியப் பழங்குடிகளை அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் எடுத்துக்காட்டி, நாம் பிறருக்குச் செய்ததே நமக்கு நேர்கிறது என்று தன் நாட்டவரின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆளும் பேரரசைக் கைப்பற்றப்பட்டவனின் இடத்தில் நிறுத்திப் பார்க்கும் கற்பனை இது. ‘ரெசிஸ்டன்ஸ்’ நிற்பதும் அதே தடத்தில்தான். லண்டன் அந்நியர் வசமாகி, இங்கிலாந்து மக்கள் பதுங்கிப் போராடுகிறார்கள். சங்ககிரிக் கோட்டையின் நிழலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த நிலைமை புரியாமல் போகுமா? அடிமைப்பட்டு மீண்ட நாட்டின் பிள்ளைகள்தான் இந்தக் கதையை மற்றெவரையும்விட ஆழமாகப் படிக்க முடியும்.

பிள்ளைகளின் நலனில் எனக்கும் கட்டுரையாளருக்கும் ஒரே அக்கறைதான். ‘ரெசிஸ்டன்ஸ்’ அமெரிக்காவில் 17 வயது நிரம்பியவர்களுக்கென்று தரம் பிரிக்கப்பட்ட விளையாட்டு. அதை எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுப்பது தவறு, கொடுக்கும் பெற்றோரைக் கண்டிப்பேன். தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாவற்றையும் விட்டு விளையாட்டிலேயே மூழ்குவதை உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கோளாறாக வகைப்படுத்தியிருக்கிறது. அதற்குச் சிகிச்சை தேவை. வயது பார்ப்பதும், நேரம் வகுப்பதும், கூட உட்கார்ந்து பேசுவதும் பெற்றோரின் கடமை. அந்தக் கடமையைச் சொல்லிக்கொடுக்காமல் தடை என்ற ஒற்றைச் சொல்லோடு கட்டுரை முடிந்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு நேரும் கேட்டைப் பற்றி நாமக்கல் மாவட்டத்தில் நின்று பேசுகிறவர் ஒன்றைக் கட்டாயம் பேசியிருக்க வேண்டும். மதிப்பெண் ஒன்றையே குறியாகக் கொண்டு, விடியுமுன் எழுப்பி இரவு வரை மனப்பாடம் செய்ய வைத்து, விளையாட்டு மைதானத்தைக் கண்ணால் பார்க்கவிடாத விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன வட்டாரம் இது. பிராய்லர் பள்ளிகள் என்று நாடே சொல்கிறது. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017இல் அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது, மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பையும் கைவிட்டது. கட்டுரையாளரின் நீண்ட கட்டுரையில் இந்தப் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளையின் இளமையை உண்மையில் தின்றுகொண்டிருப்பது எது என்பது இங்குள்ள ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். அதைச் சொல்லத் துணிவில்லாதவர்கள்தான் திரையில் வரும் கைமேராவைக் கண்டு நடுங்குவதாகச் சொல்கிறார்கள்.

கனடாவில் வாழும் தமிழர் ஒருவர் தலைமையில் ஒரு சிறிய குழு 2023இல் ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது, இட்லியும் பிரியாணியும் செய்தபடியே நகரும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. கேம் என்ற வடிவத்தில் நம் வாழ்வைச் சொல்ல முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பாளையக்காரர் போரும், கஞ்சமலை இரும்பும், அண்ணன்மார் படுகளமும் நம்மிடம் கிடக்கின்றன. 1800இல் கோவைக் கோட்டை வீழ்ந்திருந்தால் என்ற ஒரு கேள்வியிலிருந்து ஒரு கேம் பிறக்கலாம். அதை உருவாக்கப்போகும் பிள்ளை இன்று சேலத்திலோ ராசிபுரத்திலோ எங்கோ ஒரு கேம் சென்டரில் உட்கார்ந்து, பிறர் செய்த கேமை விளையாடிக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பெற்றோரே, அந்தப் பிள்ளையின் கையிலிருந்து எதையும் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது உண்மையில் எப்படி நடந்தது தெரியுமா?’ என்று கேளுங்கள். உங்களுக்கே பதில் தெரியவில்லை என்றால் இருவரும் சேர்ந்து படியுங்கள். தடை கேட்கும் கட்டுரையாளரிடம் நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த கட்டுரை எழுதுமுன் சங்ககிரிக்கும் நாமக்கல் குடைவரைக்கும் ஒருமுறை போய் வரட்டும். தான் தடை கேட்ட கேமையும் ஒருமுறை விளையாடிப் பார்க்கட்டும். அதன் பிறகும் தடைதான் வேண்டும் என்றால், சான்றுகளோடு எழுதட்டும். சான்று இல்லாத எச்சரிக்கையைச் சேலத்துப் பெற்றோர் ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.